கார்பன் காசுக்குக் கைரேகை வைக்கும் முன்

கேள்வி: வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஒன்றியத்தில் ஜவ்வாது மலைமேல் எங்கள் ஊர். எண்பது வீடு. எல்லோரும் மலையாளி என்ற மலைவாழ் பழங்குடி இனத்தவர். நான் பி.ஏ. முடித்துவிட்டு மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் ஒரு கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எங்கள் கொல்லைகளில் மரக்கன்று நட்டு வளர்த்தால் கார்பன் காசு வரும், செலவெல்லாம் தங்களுடையது, ஊரை ஒட்டிய காட்டையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆதார், பட்டா, பாஸ்புக் நகல் கேட்டார்கள். ஒப்பந்தம் நான்கு பக்கம், முழுவதும் ஆங்கிலம், 40 வருடத்துக்கு. பாதிப் பேர் கைரேகை வைக்கத் தயார். என் அப்பா முன்பு ஒரு வனக் குழுவில் உறுப்பினர். 'அப்போதும் இப்படித்தான் சொன்னார்கள்' என்கிறார். போடலாமா, வேண்டாமா? இன்னொன்று: கொல்லை ஓரத்தில் தாத்தா வைத்த புளியமரம் நிற்கிறது, அதற்கும் காசு உண்டா என்று அப்பா கேட்கச் சொன்னார்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

இப்போதைக்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். கைரேகையும் வேண்டாம், ஆதார் நகலும் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்தவர்கள் இருந்தால் யார், எந்தத் தேதியில், என்ன நகல் கொடுத்தார்கள் என்று உங்கள் குழு நோட்டிலேயே எழுதி வையுங்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதியைப் படித்து முடிப்பதற்குள் அவர்கள் மறுபடியும் மலையேறி வந்துவிடலாம்.

அதற்காகக் கார்பன் திட்டம் என்றாலே மோசடி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காட்டோரத்து ஊர்களுக்கு இதில் நியாயமான பங்கு இருக்கிறது. ஊரைக் கூட்டிப் பேசாமல், ஆள் ஆளாகப் பிடித்துக் கையெழுத்து வாங்கும் முறைதான் தப்பு. இருபது வருடத்துக்கு மேலாகக் காட்டோரக் கிராமங்களோடு வேலை செய்கிறேன். ஊர் கூடி முடிவெடுக்காத எந்தக் காடு வளர்ப்பும் ஐந்தாம் வருடத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

முதலில் அவர்கள் உங்களிடம் வாங்க வருவது என்ன என்று பார்த்துவிடலாம். மரம் வளரும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, அதிலுள்ள கரியைக் கட்டையாகவும் வேராகவும் சேர்த்துக்கொள்கிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரிதான். ஒரு டன் கரி என்பது 3.67 டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு டன் கரியமில வாயுவை இப்படிப் பிடித்து வைத்தோம் என்று கணக்குக் காட்டி, வெளியாள் ஒருவர் வந்து சரிபார்த்த பிறகு கிடைக்கும் சான்றுக்குத்தான் கார்பன் கிரெடிட் என்று பெயர். புகை விடும் ஆலையோ விமானக் கம்பெனியோ அதை விலைக்கு வாங்கித் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும்.

இதை நீங்களே அளந்து பார்க்கலாம். தையல் டேப் ஒன்று போதும். ஊர் ஓரத்தில் நல்ல துரிஞ்சி மரம் ஒன்றைப் பாருங்கள். தரையிலிருந்து நெஞ்சு உயரத்தில், அதாவது நாலரை அடியில், சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு அந்த இடத்தில் டேப்பைச் சுற்றுங்கள். மரம் சரிவில் நின்றால் மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். டேப் தொங்கக் கூடாது, கொடி படர்ந்திருந்தால் அதை விலக்கிவிட்டு அளக்க வேண்டும். சுற்றளவு மூன்று அடி, உயரம் முப்பது அடி என்றால், தரைக்கு மேலே அந்த மரத்தின் காய்ந்த எடை தோராயமாக 290 கிலோ. அதில் கரி 135 கிலோ. அது பிடித்து வைத்திருக்கும் கரியமில வாயு சுமார் அரை டன். அப்படியானால் இந்தப் பருமனில் இரண்டு மரம் சேர்ந்தால்தான் ஒரு கிரெடிட். நம் மலையின் கல்லுப் பூமியில் ஒரு துரிஞ்சி மூன்று அடி சுற்றளவுக்கு வர எத்தனை வருடம் ஆகும் என்று உங்கள் ஊர்க்கவுண்டரைக் கேளுங்கள். என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். வந்தவர்கள் ஏக்கருக்கு எவ்வளவு என்று சொன்னார்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. நானே ஒரு கணக்குப் போடுகிறேன். உங்களுக்கு இரண்டு ஏக்கர் கொல்லை என்று வைத்துக்கொள்வோம். கன்றுகள் எல்லாம் பிழைத்து நன்றாகவே வளர்ந்து வருடத்துக்கு ஆறு டன் பிடித்தால் ஆறு கிரெடிட். இந்தச் சந்தையில் விலை நிலையாக இருப்பதில்லை. ஒரு டாலருக்கு விற்ற கிரெடிட்டும் உண்டு, இருபது டாலருக்கு விற்றதும் உண்டு. நடுவாக 500 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 3,000 ரூபாய். அதில் பாதி உங்கள் பங்கு என்றால் வருடத்துக்கு 1,500. அதுவும் முதல் வருடமே வராது. மரம் வளர்ந்து, சரிபார்க்க ஆள் வந்து, சான்று கிடைத்து, விற்பனை ஆன பிறகுதான் பணம். முதல் காசைப் பார்க்க நான்கைந்து வருடம் சாதாரணமாக ஆகும். அதற்குள் நிழல் விழுந்து அந்த இரண்டு ஏக்கரில் சாமை விளையாமல் போயிருக்கும். கொல்லை முழுவதையும் அடைத்து மரம் நடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வரப்பிலும் ஓரத்திலும் கல்லு மேட்டிலும் நடலாம் என்றால் பேசலாம்.

கார்பன் காசை மட்டும் நம்பி ஒரு ஊர் காட்டைக் காக்க முடியாது என்று இதனால்தான் சொல்கிறேன். காடு நன்றாக இருந்தால் கிடைக்கும் புளி, கடுக்காய், தேன், புல் இவற்றோடு கார்பன் காசும் ஓரமாகச் சேர்ந்து வரட்டும். அப்படி வந்தால் நல்லதுதான்.

அடுத்தது நிலம். உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது, 'ஊரை ஒட்டிய காட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்' என்ற அந்த ஒரு வரிதான். பட்டா நிலம் வேறு, காப்புக்காடு வேறு. பட்டா நிலத்தில் என்ன மரம் வைப்பது என்று பட்டாதாரர் ஒப்பந்தம் போடலாம். அதிலும் அரசு ஒப்படைத்த கண்டிஷன் பட்டாவாக இருந்தால் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்று விஏஓவிடம் கேட்டுப் பார்த்துவிட வேண்டும். காப்புக்காட்டுக்கு எந்தத் தனியார் கம்பெனியும் உங்களோடு ஒப்பந்தம் போட முடியாது. அது 1882ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி அறிவிக்கப்பட்டு வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே நிற்கும் மரத்தின் கார்பன் யாருக்குச் சொந்தம் என்று தெளிவாகச் சொல்லும் ஒரு வரிகூட நம் சட்டத்தில் இல்லை. சொந்தம் தீர்மானமாகாத பொருளை விற்க உங்கள் கையெழுத்து எதற்கு? 'ஊர் மக்கள் சம்மதித்துவிட்டார்கள்' என்று காட்டத்தான். அந்தச் சம்மதத்தைச் சும்மா கொடுத்துவிடாதீர்கள்.

அந்தக் காட்டின் மேல் உங்கள் ஊருக்கு உரிமையே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. நிறைய உரிமை இருக்கிறது, இன்னும் எழுத்தில் வாங்கவில்லை, அவ்வளவுதான். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை ஊரில் பலரும் 'பட்டா தரும் சட்டம்' என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தனிப்பட்டா அதில் ஒரு பகுதிதான். ஊர் வழிவழியாகப் புழங்கிவந்த காட்டை ஊரே காக்கவும் வளர்க்கவும் நிர்வகிக்கவும் சமூக வன வள உரிமை என்று ஒன்றை அந்தச் சட்டம் தருகிறது. புளி, கடுக்காய், தேன், மூங்கில் போன்ற சிறுவன விளைபொருள்களின் மேல் சொந்தமும் தருகிறது.

மலையாளி இனத்தவருக்கு எந்தெந்த மாவட்டங்களில் பழங்குடிச் சான்று உண்டு என்று சொல்லும் பட்டியலில் இன்றும் 'வட ஆற்காடு' என்றுதான் இருக்கிறது. 1989இல் அந்த மாவட்டம் இரண்டாகி, 2019இல் வேலூர் மூன்றாகி, மலையும் மூன்று மாவட்டங்களுக்குப் பிரிந்துகிடக்கிறது. ஊர் எந்த மாவட்டம் என்று யாராவது இழுத்தடித்தால் இதைச் சொல்லுங்கள். காட்டைச் சார்ந்து வாழும் மற்றவர்களைப் போலப் பழங்குடியினர் 75 வருடக் குடியிருப்பை நிரூபிக்க வேண்டியதில்லை. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அங்கே வாழ்ந்து காட்டைச் சார்ந்து இருந்தால் போதும். சட்டம் வந்த பிறகும் தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற உத்தரவு ஒன்றால் பல வருடம் உரிமைச் சான்று வழங்க முடியாமல் கிடந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. ஆகவே 'அந்தச் சட்டமெல்லாம் நம் ஊருக்கு வராது' என்று பழைய நினைப்பில் யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். கிராம சபையில்தான். ஆனால் ஊராட்சி முழுவதற்கும் ஒன்றாகக் கூட்டும் கிராம சபை இதற்குச் சரிப்பட்டு வராது. பீஞ்சமந்தை பக்கமோ பாலாம்பட்டுப் பக்கமோ பாருங்கள், ஓர் ஊராட்சிக்குள்ளேயே எத்தனை குக்கிராமம், ஒன்றுக்கும் மற்றதற்கும் எவ்வளவு நடை! வன உரிமைச் சட்டப்படி குக்கிராமமே தனிக் கிராம சபையாகக் கூடலாம். உங்கள் எண்பது வீடும் ஒரு சபை. வயது வந்தவர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். அந்தச் சபை பத்து முதல் பதினைந்து பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். அதிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். மகளிர் குழுவில் கணக்கு எழுதும் நீங்கள் அந்தக் குழுவுக்கு வராமல் இருக்கக் கூடாது.

பிறகு ஊர்ப் பெரியவர்களோடு இரண்டு நாள் காட்டைச் சுற்றி வாருங்கள். எந்த ஓடைவரை மாடு மேய்த்தோம், எந்தப் பாறையில் தேன் எடுத்தோம், சாமி எங்கே இருக்கிறது, சுடுகாடு எங்கே, எந்தச் சுனையில் தண்ணீர் குடித்தோம் என்று ஒவ்வொன்றையும் அவர்கள் வாயால் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் எடுத்தால் அதுவே சட்டப்படி ஒரு சான்று. குறைந்தது இரண்டு சான்று வேண்டும். பழைய கெஜட்டியர் (மாவட்டக் குறிப்பேடு), காப்புக்காடு அறிவிப்பு போன்ற அரசுப் பதிவுகளும் சான்றாகும். அந்த அறிவிப்புகளில் வழி, தண்ணீர், மேய்ச்சல் பற்றி ஊர்களுக்கு விட்ட சலுகைகள் இருந்தால் அவை பெரிய பலம். எல்லைக் குறிப்போடு மனுவைக் கோட்ட அளவிலான குழுவுக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகும். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா லேகா என்று ஒரு சின்னக் கோண்டு கிராமம். 2009இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்கு அந்தக் கிராம சபை இந்தச் சமூக வன வள உரிமையை வாங்கியது. 2011இல் மூங்கிலை வெட்டி விற்க அனுமதிச் சீட்டு எழுதும் அதிகாரமும் அதன் கைக்கு வந்தது. தேவைப்பட்டால் கார்பன் கம்பெனியோடு எதிரே உட்கார்ந்து பேசும் பலமும் இப்படிப்பட்ட ஊருக்குத்தான் உண்டு. உங்கள் ஊருக்கும் அந்தப் பலம் வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

அப்பா சொன்ன 'அப்போதும் இப்படித்தான்' என்பதற்கு வருகிறேன். 1997-98இல் ஜப்பான் நிதியுதவியோடு தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியது. அதன் பிறகுதான் ஊருக்கு ஊர் கிராம வனக் குழு என்ற பேச்சே பரவியது. அந்தக் காலத்துத் தடுப்பணைகள் சிலவற்றில் இன்றும் தண்ணீர் நிற்கிறது. ஆனால் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது வேறொரு சின்ன வேலை. எந்த ஊர், யாருடைய திட்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. மலையடிவாரத்தில் ஒரு சரிவை ஐந்து வருடத்துக்கு ஆடு மாடு நுழையாமல் அடைத்துக் கன்று நட்டோம். ஊர்க் கூட்டம் போட்டு, கையைத் தூக்கச் சொல்லி, தீர்மானமும் எழுதினோம். அந்த ஊரில் பன்னிரண்டு ஆடு வைத்து ஒண்டியாகப் பிழைத்த ஒரு பாட்டி இருந்தார். கூட்டம் நடந்த நேரத்தில் அவர் ஆடுகளோடு சரிவில்தான் இருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அடைத்த பிறகு அவர் ஆடுகளைப் பக்கத்து ஊர்க் காட்டுக்கு ஓட்டினார். அந்த ஊரார் விரட்டினார்கள், கைகலப்பு ஆனது. இரண்டாம் வருட முடிவில் ஒரு ராத்திரி முள்வேலி பெயர்ந்தது. காலையில் போய்ப் பார்த்தபோது கன்றுகளின் தண்டு மட்டும் விரல் நீளத்துக்கு நின்றது. அந்தப் பாட்டி என் எதிரே நின்று, 'என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஓடைக்கு அந்தப் பக்கம் விடச் சொல்லியிருப்பேனே சாமி' என்றார். அவர் கேட்டது சரிவில் நாலில் ஒரு பங்கு. அதை விட்டிருந்தால் மீதி முக்கால் பங்கு காடாகியிருக்கும்.

கார்பன் கணக்கில் இதற்கு 'கசிவு' என்று பேர். ஒரு காட்டை அடைத்ததால் வெட்டும் மேய்ச்சலும் அடுத்த காட்டுக்கு நகர்ந்தால் அதைக் கிரெடிட்டிலிருந்து கழித்துவிட வேண்டும். இந்த நகர்வைச் சரியாகக் கணக்கில் எடுத்தார்களா, திட்டம் இல்லாவிட்டால் அந்தக் காடு உண்மையிலேயே அழிந்திருக்குமா என்ற கேள்விகளால்தான் உலகம் முழுவதும் இந்தச் சந்தைக்குக் கெட்ட பேர் வந்தது. 2023 தொடக்கத்தில் வெளிநாட்டுப் பத்திரிகைகள் சில சேர்ந்து, மழைக்காடுகளைக் காத்ததாக விற்ற கிரெடிட்டுகளில் பெரும்பகுதி வெறும் காகிதக் கணக்கு என்று எழுதின. சான்று கொடுத்த அமைப்பு அதை மறுத்தது. அந்தச் சர்ச்சைக்குப் பிறகு, வாங்குகிறவர்கள் ஊர் மக்களின் உண்மையான சம்மதத்தைத் துருவிக் கேட்கிறார்கள். இது உங்களுக்குச் சாதகம்.

நன்றாக நடந்த இடங்களும் உண்டு. மேகாலயாவின் காசி மலையில் பத்துப் பாரம்பரியப் பழங்குடி ஆட்சிப் பகுதிகள் சேர்ந்து, அறுபதுக்கும் மேற்பட்ட கிராமங்களோடு, சுமார் 27,000 ஹெக்டேரில் ஒரு காட்டுக் கார்பன் திட்டம் தொடங்கின. 2013இல் அதற்குச் சான்று கிடைத்தது. அங்கே காடு வழக்கப்படி ஊர்களுக்கே சொந்தம். தீ பரவாமல் கோடு வெட்டுவது, விறகு குறைவாக எரியும் அடுப்பு என்று வேலையும் ஊரார் கையில். நம் பக்கத்திலேயே கர்நாடகத்தின் பாகேபள்ளியில், சிறு விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் சேர்ந்த சங்கம் ஒன்று 5,500 வீடுகளுக்குச் சாண எரிவாயுக் கலன் வைக்கும் திட்டத்தை 2005இல் ஐ.நா. முறையில் பதிவு செய்தது. விறகும் மண்ணெண்ணெயும் எரியாமல் மிச்சமான புகைக்குத்தான் அங்கே கிரெடிட். நிலம் யாருடையது என்ற சிக்கலே அதில் இல்லை. மூன்று நான்கு மாடு உள்ள வீடுகள் உங்கள் ஊரில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மாசி பங்குனியில் விறகுச் சுமையோடு மலைச்சரிவில் இறங்கும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம், மரம் நடுவதற்கு முன்னால் அடுப்பைப் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றும்.

இப்போது அந்த நான்கு பக்கம். தமிழில் எழுதித் தராத ஒப்பந்தத்தைப் படிக்கவே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தமிழில் வந்ததும் சபையில் உரக்கப் படியுங்கள். இந்தத் திட்டம் கார்பன் கிரெடிட்டுகளைப் பதியும் எந்தப் பதிவேட்டில், எந்த எண்ணில் இருக்கிறது என்று கேளுங்கள். உலக அளவிலான பெரிய பதிவேடுகள் இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன, உங்கள் போனிலேயே பார்க்கலாம். பதிவுக்கு முன் பொதுமக்கள் கருத்துக்காகத் திட்ட ஆவணத்தை முப்பது நாள் வெளியில் வைக்க வேண்டும் என்பது அவற்றில் முக்கியமான ஒன்றின் விதி. எண் இல்லை, ஆவணம் இல்லை, 'இனிமேல்தான்' என்றால் உங்கள் கையெழுத்துக்கும் 'இனிமேல்தான்' என்று சொல்லிவிடுங்கள். நம் நாட்டுக்கென்று தனிக் கார்பன் சந்தைக்கு 2022இல் சட்டத்தைத் திருத்தி, 2023இல் திட்டத்தையும் அறிவித்திருக்கிறார்கள். அதன் பேரைச் சொல்லி அவசரப்படுத்தினாலும் பதில் இதேதான்.

பங்கு என்று எழுதியிருந்தால் எதில் பங்கு என்று பாருங்கள். விற்ற மொத்தத் தொகையிலா, செலவு போக மீதியிலா? 'செலவு போக' என்று இருந்தால் அந்தச் செலவுக்கு உச்ச வரம்பு வேண்டும். இல்லாவிட்டால் மீதி என்று ஒன்றும் இருக்காது. அவசரத்துக்கு, ஒரு கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ, நாலு மரம் வெட்டினால் என்ன ஆகும்? தீப்பிடித்தால் நஷ்டம் யார் தலையில்? நிலம் பிள்ளைகளுக்குப் பிரியும்போது ஒப்பந்தம் எப்படிப் போகும்? கம்பெனியே வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனால்? வழக்கு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம்? வேலூர் என்று எழுதச் சொல்லுங்கள், மும்பை, டெல்லி என்றால் உங்களில் யாரும் போய்ச் சேர முடியாது. இன்று முப்பது வயதில் கையெழுத்துப் போடுகிறவர் அதிலிருந்து வெளியே வரும்போது எழுபது வயது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, அபராதம் இல்லாமல் வெளியேறும் வழி இருந்தே ஆக வேண்டும்.

என்ன மரம் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். கம்பெனிக்குச் சீக்கிரம் பருக்கும் ஒரே சாதி மரம் நட்டால் கணக்குச் சுலபம். உங்களுக்குப் புளி, பலா, சீத்தா, கடுக்காய், நாவல், ஆடு மாட்டுக்குத் தழை தரும் மரம் வேண்டும்.

பணம் வந்தால் எப்படிப் பிரிப்பது என்பதை வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள். பட்டா வைத்திருப்பவருக்கு மட்டும் என்று போனால், நிலமில்லாத வீடும் ஆடு மேய்க்கும் வீடும் அந்தப் பாட்டியைப் போல வெளியே நிற்கும். காட்டில் தீயை முதலில் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். தீக்காவல், ஃபயர் லைன் வெட்டுவது, கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது, மரம் அளப்பது என்று கூலி வேலை எதுவாக இருந்தாலும் முதலில் உங்கள் ஊர் ஆட்களுக்கே என்று எழுத வையுங்கள். 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்ட இருபது பேரில் நம் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். அட்வான்ஸ் பணத்தை நீட்டிய புரோக்கரை நம்பி வேறு மாநிலத்துக் காட்டுக்குப் போகும் நிலை மலைமேல் எந்தப் பிள்ளைக்கும் இனி வரக் கூடாது. சொந்தக் காட்டில் வருடம் முழுக்க வேலை இருந்தால் யார் போகப்போகிறார்கள்?

கணக்கு மகளிர் குழுவிடம் இருக்கட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சபையில் வாசிக்கட்டும். ஒடுகத்தூர்ப் பக்கம் கீழே இருக்கிறவர்களையும் மறந்துவிடாதீர்கள். உத்திரகாவேரியில் அவர்களுக்கு வரும் தண்ணீர் உங்கள் காட்டிலிருந்துதான் இறங்குகிறது. மனு, தீர்மானம் என்று வரும்போது அந்த ஊராட்சிகளும் உங்களோடு நிற்க நியாயம் இருக்கிறது.

வனத்துறை ஆட்களை எதிராளியாக நினைத்துக் காரியத்தில் இறங்க வேண்டாம். வனவரையும் ரேஞ்சரையும் சபைக்குக் கூப்பிடுங்கள். கம்பெனி காப்புக்காட்டைப் பற்றிச் சொன்னதை அவர்கள் முன்னால் சொல்லுங்கள். பாதி விஷயம் அங்கேயே தெளிந்துவிடும்.

அப்பாவின் புளியமரம். எட்டடி சுற்றளவும் நாற்பதடி உயரமும் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு மரம் ஐந்தாறு டன் கரியமில வாயுவைப் பிடித்து வைத்திருக்கிறது. கம்பெனி புதிதாக நடும் கன்று எத்தனை சேர்ந்தால் அந்தக் கணக்கு வரும்! ஆனாலும் அதற்கு ஒரு பைசா வராது. இப்படி மரம் நடும் திட்டத்தில், முன்பே நின்ற மரம் எதுவும் கணக்கில் சேராது, திட்டத்தால் கூடுதலாக வந்ததற்கு மட்டும்தான் கிரெடிட். விதி அப்படி. வெட்டாமல் காத்தவருக்கு ஒன்றுமில்லை, புதிதாக நடுகிறவருக்குக் காசு என்பது என்ன நியாயம் என்று அப்பா கேட்டால், அவர் பக்கம்தான் நான் நிற்பேன். புதுக்கன்றுக்கு இடம் வேண்டும் என்று அந்த மரத்தை யாராவது வெட்டச் சொன்னால் விடாதீர்கள். காய்ப்பு நன்றாக உள்ள வருடத்தில் நூறு கிலோவுக்கு மேல் பழம் உதிர்க்கும் மரம் அது. ஓட்டோடு வியாபாரியிடம் தூக்கிக் கொடுக்காமல், பங்குனியில் உங்கள் குழுப் பெண்கள் உட்கார்ந்து ஓடும் கொட்டையும் நாரும் நீக்கி விற்றால், இந்த வருடமே கையில் காசு வரும்.

அந்த நான்கு பக்கத்தையும் போனில் படமெடுத்து அனுப்பி வையுங்கள். பேர், ஆதார் எண் உள்ள இடங்களை விரலால் மறைத்துக்கொண்டு எடுங்கள். வரிவரியாகத் தமிழில் எழுதி அனுப்புகிறேன். மே 1 கிராம சபைக்கு முன்னால் உங்கள் கையில் இருக்கும்.